வீட்டில் இருந்துகொண்டு உறவுகளுக்குத் தைப்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் என் தையல் மெசின் நிற்கிறது. தெருவால் போகிறவர்கள் எட்டிப் பார்த்துக் கேட்பார்கள். கோயில் வீதியில் மறித்துக் கேட்பார்கள். காத்தான்குடியில் துணி தெரிவு செய்துகொண்டு நிற்கும்போது பக்கத்தில் நிற்கும் முகம் தெரியாத பெண்ணும் கேட்பார். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் அநேகமாக அவையேதான்.

நான் தையற்கடை வைத்திருப்பவள் அல்ல. பிள்ளைகளுக்கும் தாய்க்கும் பிறகு பேரப்பிள்ளைகளுக்கும் தைத்துப் பழகியவள். ஆகவே இது வீட்டுத் தையல். கடைத் தையல்காரருக்குச் சில இடங்களில் சிரிப்பு வரலாம்.

ஊசியில் நூல் கோப்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. மெசின் இல்லாமல் தொடங்கலாமா?

தாராளமாக. தலையணை உறையில் தொடங்குங்கள். எல்லாம் நேர்கோடு, யாரும் உடுத்திப் பார்த்துக் குறை சொல்லப்போவதில்லை. 18 அங்குல அகலமும் 28 அங்குல நீளமும் கொண்ட தலையணைக்கு 19 அங்குல அகலத்தில் 64 அங்குல நீளமான ஒரே துண்டு போதும். இரண்டு பக்கத்துக்கு 56, உள்ளே மடிந்து தலையணையைப் பிடிக்கும் நாக்குக்கு 6, இரு முனை மடிப்புக்கும் 2. துணிக்கடையில் 44 அங்குல அகலத் துணியில் ஒன்றேமுக்கால் மீற்றர் வாங்கினால் பக்கத்தில் பக்கமாக இரண்டு உறைகள் வரும், நனைந்து சுருங்கினாலும் பற்றும்.

கையால் தைப்பவர்கள் ஓட்டுத்தையல் மட்டும் போட்டால் ஒரு மாதத்தில் பிரிந்துவிடும். ஊசியை ஒரு தையல் முன்னே எடுத்து, அரைத் தையல் பின்னே குத்தி, மறுபடி முன்னே எடுக்க வேண்டும். நேரம் எடுக்கும். ஆனால் மெசின் தையலுக்கு அது குறைந்ததல்ல.

அம்மாவின் பழைய கால் மெசின் மூலையில் கிடக்கிறது. கொடுத்துவிட்டு மின்சார மெசின் வாங்கலாமா?

கொடுக்காதீர்கள். சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877இல். அந்தக் கறுப்பு மெசின்களில் எத்தனையோ இன்றும் நம் வீடுகளில் ஓடுகின்றன. எங்கள் மெசின் 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை பறந்த வீட்டுக்குள் மழையில் கிடந்தது. அம்மா அதை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, மெசின் எண்ணெய் விட்டு, ஒரு கிழமை கழித்து எனக்குப் பாவாடை தைத்தார். மின்வெட்டு நாளிலும் அது ஓடும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற நமக்கு உப்புக்காற்றுதான் எதிரி. ஆகவே தைக்காத மாதத்திலும் ஒரு தடவை எண்ணெய் விட்டு, மிதித்து ஓட்டி, துணியால் மூடி வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது நாளடைவில் பிசுபிசுத்துவிடும்.

மின்சார மெசின் வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை. ஜப்பானிலிருந்து வரும் பழைய மெசின்கள் அந்த நாட்டு 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. நம்முடையது 230. நானும் அப்படி ஒன்றை வாங்கினேன். விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. செருகி ஒரு சட்டைக் கை தைத்து முடியுமுன் மோட்டாரிலிருந்து புகை வந்தது. பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டை வாசித்துவிட்டு வாங்குங்கள். 100 என்று இருந்தால் அதற்கேற்ற மின்மாற்றி தேவை.

கடையில் துணியை யார் கணக்கில் கேட்பதா மீற்றர் கணக்கில் கேட்பதா?

ஒரு யார் 36 அங்குலம், ஒரு மீற்றர் 39 அங்குலத்துக்குச் சற்று மேல். இரண்டு யார் என்று கணக்குப் போட்டு இரண்டு மீற்றர் வாங்கினால் மிஞ்சும். மாறி நடந்தால்தான் கண்ணீர். அதைவிட முக்கியம் துணியின் அகலம். 36, 44, 58 என்று வெவ்வேறாக வரும். விலையைக் கேட்குமுன் அகலத்தைக் கேளுங்கள்.

துணியை நனைத்த பிறகுதான் வெட்ட வேண்டுமா? நாளைக்குக் கொடுக்க வேண்டும் அக்கா!

பருத்தி என்றால் நனைத்தே ஆக வேண்டும். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்குவது சாதாரணம். இரண்டு மீற்றரில் அது பத்துச் சென்ரிமீற்றர் வரை போகும். என் கணவருக்கு முதன்முதல் தைத்த சேட்டை நான் நனைக்காமல் வெட்டினேன். முதல் தோய்ப்புக்குப் பிறகு அது எங்கள் மகனுக்குச் சரியாக இருந்தது. செயற்கை இழைத் துணி அநேகமாகச் சுருங்காது. நாளைக்கே வேண்டுமானால் அதில் தையுங்கள்.

மருதமுனைக் கைத்தறித் துணிக்கு இன்னும் பொறுமை வேண்டும். கருஞ்சிவப்பு, கருநீலம் போன்ற நிறங்களைத் தனியாக ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிடிக்காத சாயத்தை உப்பு பிடித்து வைக்காது, அலசல்தான் கழற்றும். அரைகுறை ஈரத்தில் பின்பக்கத்தில் மின்னழுத்தி போட்டுவிட்டு வெட்டினால் நூலோட்டம் நேராக நிற்கும்.

நாலு வயது மகளுக்குச் சட்டை தைக்க வேண்டும். வயதைச் சொன்னால் அளவு சொல்வீர்களா?

சொல்லமாட்டேன். நாலு வயதில் ஒன்று ஈர்க்குப்போல இருக்கும், ஒன்று வயிறு முன்னுக்கு வந்து நிற்கும். கடைச் சட்டை வயதுக்குத் தைக்கப்படுகிறது. நீங்கள் பிள்ளைக்குத் தைக்கிறீர்கள். அளவுநாடாவை எடுக்குமுன் அவள் எப்படி ஓடுகிறாள், எப்படிக் குந்துகிறாள், எதை இழுத்துச் சொறிகிறாள் என்று ஒரு நாள் பாருங்கள். கழுத்துப் பட்டியை எப்போதும் இழுக்கிற பிள்ளைக்குப் பட்டி வைக்காதீர்கள்.

பிறகு நாலே அளவு: மார்புச் சுற்று, தோளிலிருந்து முழங்கால், தோள் அகலம், தலைச் சுற்று. கடைசியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மார்பு 23 அங்குலம் என்று வைப்போம். மூச்சு விடவும் ஓடவும் 4 சேர்த்தால் 27. துணியை மடித்து வெட்டும்போது அதில் கால்வாசி 6¾. பக்கத் தையலுக்கு 1 சேர்த்து 7¾. தையலுக்கு அரை அங்குலம் போதும்தான். மிச்சம் அடுத்த வருடம் பிரித்துவிட. நீளம் 22 என்றால் தோள் தையலுக்கு அரையும் கீழ் மடிப்புக்கு மூன்றும் கூட்டி 25½. மடிப்பை மூன்று அங்குலம் வைத்த சட்டை இரண்டு தீபாவளி கண்டிருக்கிறது எங்கள் வீட்டில். 44 அங்குல அகலத்தில் ஒன்றேகால் மீற்றர் தாராளம்.

தலைச் சுற்றுக்கு வருவோம். அந்த வயதில் அது கிட்டத்தட்ட 20 அங்குலம் இருக்கும். அழகான சிறு கழுத்து வெட்டினால் அதன் சுற்று 12 அங்குலம்தான் வரும். தலை நுழையாது. பின்கழுத்தில் 5 அங்குலம் பிளந்து தெறி வையுங்கள். பிளவின் இரு ஓரமும் சேர்ந்து 10 அங்குலம் கூடும்.

கவனமாகத்தான் வெட்டுகிறேன். தைத்து முடித்தால் கழுத்து தோளால் விழுகிறது. ஏன்?

கோடு போட்ட இடத்திலேயே வெட்டுகிறீர்கள். கழுத்து ஒரு ஓட்டை. அதன் ஓரத்தை அரை அங்குலம் மடித்தால் ஓட்டை சுற்றிலும் அரை அங்குலம் பெரிதாகும், சுற்றளவில் மூன்று அங்குலத்துக்கு மேல். ஆகவே கழுத்தில் மட்டும் கோட்டுக்கு உள்ளே அரை அங்குலம் துணி விட்டு வெட்டுங்கள். சிறிதாக வெட்டியதைப் பெரிதாக்கலாம்.

இன்னொரு காரணம், வளைவாக வெட்டிய துணி கையில் வைத்திருக்கும்போதே இழுபடும். வெட்டிய உடனே ஓரத்தைச் சுற்றி ஒரு தையல் ஓட்டி வைத்துவிட்டால் இழுபடாது. மற்ற வேலை பிறகு பார்க்கலாம்.

மேலே தையல் அழகாக இருக்கிறது, கீழே நூல் கூடு கட்டுகிறது. பொபினைக் கழற்றிக் கழற்றி அலுத்துவிட்டது.

கீழ் நூல் சுற்றிய அந்தப் பொபினை விடுங்கள். கூடு கீழே தெரிந்தால் பிழை பெரும்பாலும் மேல் நூலில். ஊசியடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல் நூலை முழுவதும் கழற்றி மறுபடி கோத்துப் பாருங்கள். கால் இறங்கியிருக்கும்போது கோத்தால் நூல் இறுக்கும் தட்டுகளுக்குள் இறங்காது. என்னிடம் வந்தவர்களில் அநேகருக்கு இத்துடன் தீர்ந்துவிட்டது.

தீராவிட்டால் ஊசியைப் பாருங்கள். ஊசியின் நீளக் குழி, நூல் கடைசியாக வரும் பக்கத்தைப் பார்க்க வேண்டும், தட்டைப் பக்கம் அதற்கு எதிரே. புது மெசின்களில் தட்டை பின்னுக்கு நிற்கும், பழைய கறுப்பு மெசின்களில் சிலவற்றில் பக்கவாட்டில் நிற்கும். மெல்லிய வொயில் துணிக்கு 11ஆம் இலக்க ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸ் துணிக்கு 16. ஒரே ஊசியில் மூன்று வருடம் தைக்கிறேன் என்று பெருமைப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய துணியெல்லாம் பொத்தல்.

ஓரம் பின்னும் ஓவர்லொக் மெசின் இல்லை. உள்ளே பிசிர் பிசிராக இருக்கிறதே?

இரண்டு துண்டுகளையும் பின்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் தையுங்கள். பிசிரை நறுக்கி, புரட்டி, நல்ல பக்கங்கள் உள்ளே வரும்படி மடித்து, இன்னொரு தையல் சற்று அகலமாகப் போடுங்கள். பிசிர் முழுவதும் தையலுக்குள் அடங்கிவிடும். மெல்லிய துணிக்கும் குழந்தை உடுப்புக்கும் ஓவர்லொக்கைவிட இதுதான் எனக்குப் பிடிக்கும். தடித்த துணியில் செய்தால் கயிறுபோல உறுத்தும்.

அப்பாவுக்குச் சாரம் மூட்டிக் கொடுத்தேன். கட்டம் பொருந்தவில்லை என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் உடுத்தவும் இல்லை.

அப்பாமார் அப்படித்தான். சாரத்தில் ஒரே ஒரு மூட்டுத்தான் இருக்கிறது, அதுவும் கண்ணில் படுகிற மூட்டு. துணியின் இரு முனைகளையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் கட்டம் எங்கே முடிகிறதோ அங்கிருந்து மறு முனையில் தொடர வேண்டும். தொடராவிட்டால் தொடரும்வரை ஒரு முனையை நறுக்குங்கள், தையலுக்கான துணியை விட்டு. ஒரு கட்டத்தின் அகலத்துக்கு மேல் நறுக்க வேண்டி வராது.

பிறகு ஒவ்வொரு கோட்டிலும் ஒரு குண்டூசி. சோம்பல்பட்டு இரண்டு கோட்டுக்கு ஒன்று குத்தினால் மெசின் மேல் துணியை மெல்லத் தள்ளிக்கொண்டு போய், கீழே வரும்போது அரைக் கட்டம் விலகியிருக்கும். பெரிய தையலாக இழையோட்டிவிட்டுத் தைத்தால் இன்னும் நல்லது. கொடுத்த சாரத்தை இரவோடிரவாக எடுத்துப் பிரித்து மூட்டி, மடித்து அதே இடத்தில் வையுங்கள்.

பிள்ளை பிறக்குமுன் உடுப்புத் தைக்கக்கூடாது என்று மாமி சொல்கிறார். நான் தைக்க ஆசைப்படுகிறேன்.

மாமியுடன் இதற்காகச் சண்டை வேண்டாம். துணியை வாங்கி, நனைத்து, காயவைத்து, வெட்டி மடித்து வையுங்கள். தைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு சிறு சட்டை தைக்க அரை நாள் போதும். நம் வீடுகளில் முதல் நாட்களில் தோய்த்துத் தோய்த்து மெதுவான பழைய வேட்டித்துணிதான் சுற்றுவார்கள். புதுச் சட்டை முப்பத்தோராம் நாள் சடங்குக்குத்தான் தேவைப்படும். முஸ்லிம் வீடுகளில் பெயர் வைக்கும் ஏழாம் நாளுக்கு என்றால் அவகாசம் குறைவு.

தெறி வேண்டாம், கழன்றால் வாய்க்குள் போகும். முன்னால் ஒன்றன்மேல் ஒன்று வந்து பக்கத்தில் கட்டும் சட்டை நல்லது. தலையால் மாட்டத் தேவையில்லை. கட்டும் நாடாக்கள் குட்டையாக இருக்கட்டும். கழுத்தருகே நாடாவே வேண்டாம். ஓரத்துக்கு, மேலே ஓவர்லொக் கேள்வியில் சொன்ன இரட்டைத் தையல்.

அம்மாவுக்குத் தோள் இறுகிவிட்டது, கையைத் தூக்க முடியவில்லை. எந்தச் சட்டையும் போடும்போது அழுகிறார். ஏதாவது தைக்க முடியுமா?

இதற்குத்தான் வீட்டில் ஒருவர் தைக்கத் தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கடையிலும் இது கிடையாது. தலையால் மாட்டும் எதையும் விடுங்கள். மேலிருந்து கீழ்வரை முன்னால் முழுவதும் திறக்கும் நீளச் சட்டை தையுங்கள். தெறிகள் பெரியவை, ஒரு ரூபாய் நாணயம் அளவில். விரல்களும் ஒத்துழைக்காவிட்டால் தெறியை மேலே அலங்காரமாகத் தைத்துவிட்டு உள்ளே வெல்குரோ துண்டு வையுங்கள். பார்க்கிறவர்களுக்குத் தெறிச் சட்டைதான்.

கைக்குழியை வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் ஆழமாக வெட்டி, கையை அகலமாக விடுங்கள். உடுத்தும்போது நோகிற கைக்கு முதலில் மாட்ட வேண்டும், கழற்றும்போது கடைசியாக. என் தாய்க்கு நான் இன்னும் ஒன்று செய்தேன்: நோகிற பக்கத்துத் தோள் தையலையே திறந்துவிட்டு மூன்று தெறி வைத்தேன். கையை அசைக்காமலே சட்டை வந்து மூடியது. முதல் நாள் அதை உடுத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தார். பணப்பை வைக்க உள்ளே ஒரு பொக்கற் வைக்கவில்லை என்பதுதான் அவருடைய ஒரே முறைப்பாடு. பொக்கற் வையுங்கள்.

அரசாங்கம் தரும் சீருடைத் துணியில் வீட்டில் தைக்கலாமா?

தைக்கலாம். வெள்ளைத் துணியில் பேனையால் குறிக்காதீர்கள். வெளிர்நீலச் சுண்ணக்கட்டி போதும். நிறத்துணிக்கு, தேய்ந்து மெலிந்த சவர்க்காரத் துண்டைவிட நல்ல குறிப்பான் இல்லை, தோய்த்ததும் போய்விடும். ஜனவரியில் எல்லோரும் ஒன்றாகத் தையல்காரரிடம் ஓடும்போது, வீட்டில் தைக்கும் நீங்கள் தப்பிவிடுவீர்கள்.

பெருநாள், தீபாவளி, வருடப்பிறப்பு என்றால் எப்போது தொடங்க வேண்டும்?

நான்கு பேருக்குத் தைப்பதானால் ஆறு கிழமைக்கு முன். நோன்புப் பெருநாள் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும் என்பதால் போன வருடத் திகதியை நம்பாதீர்கள். நோன்பு தொடங்குமுன் வெட்டி முடித்துவிடுங்கள், பசியோடு கத்தரிக்கோல் பிடித்தால் பிழைக்கும். சித்திரை வருடப்பிறப்புக்குப் பஞ்சாங்கத்தில் ஆடை நிறம் போட்டிருப்பார்கள், பார்த்துவிட்டுத் துணி எடுங்கள்.

தீபாவளிக்கும் நத்தாருக்கும் நம்மூரில் வேறு தொல்லை: மழை. நவம்பரில் நனைத்த துணி மூன்று நாளானாலும் காயாது, பூஞ்சணம் பிடித்துப் புள்ளி விழும். அந்தத் துணிகளைச் செப்டெம்பர் வெயிலிலேயே நனைத்துக் காயவைத்து விடுங்கள்.

கனடாவில் இருக்கும் பேத்திக்குத் தைத்து அனுப்ப வேண்டும். அளவு எப்படி எடுப்பது?

பேத்தியை அளக்கச் சொல்லாதீர்கள். தொலைபேசியில் மகள் அளப்பாள், பிள்ளை நெளியும், நீங்கள் கத்துவீர்கள். இப்போது அளவாக இருக்கிற ஒரு சட்டையை நிலத்தில் விரித்து, அதன்மேல் அளவுநாடாவை வைத்து, நேர் மேலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அக்குளிலிருந்து அக்குள்வரை உள்ள அளவை இரண்டால் பெருக்கினால் சட்டையின் மார்புச் சுற்று. அதில் தளர்வு ஏற்கெனவே இருக்கிறது, நாலு வயதுக் கேள்வியில் சொன்ன 4 அங்குலத்தை மறுபடி கூட்ட வேண்டாம். பொதி போய்ச் சேருவதற்குள் பிள்ளை வளரும் என்பதால் நீளத்தில் இரண்டு அங்குலமும், உள்ளே தடித்த உடுப்பின் மேல் போட இடமும் விடுங்கள். தொப்பியிலோ கழுத்திலோ இழுக்கும் கயிறு வைக்க வேண்டாம். அனுப்புமுன் குண்டூசிகளை எண்ணுங்கள். எத்தனை குத்தினீர்களோ அத்தனை திரும்பப் பெட்டிக்குள் வர வேண்டும்.

மருமகளுக்கு ஆசையாகத் தைத்துக் கொடுத்தேன். ஒரு நாளும் போடவில்லை. கேட்கலாமா?

கேட்கவேண்டாம். கேட்டால் உங்களுக்காக ஒரு நாள் போடுவாள். அது தண்டனை. அவள் வழக்கமாக உடுத்துவதைக் கொஞ்ச நாள் கவனியுங்கள்: கை முழங்கைக்கு மேலா கீழா, கழுத்து மூடியதா திறந்ததா, நிறம் என்ன. நீங்கள் கொடுத்தது உங்களுக்குப் பிடித்த சட்டையாக இருந்திருக்கும், நானும் இந்தப் பிழையை விட்டவள்தான். அடுத்த தடவை கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போய்த் துணியை அவள் கையால் எடுக்க விடுங்கள். அல்லது உடுப்பை விட்டு, ஒரு பை தைத்துக் கொடுங்கள். பைக்கு உடம்பு அளவு கிடையாது.

“சும்மாதானே இருக்கிறாய், இதைத் தைத்துத் தா” என்று சொந்தக்காரர் துணியோடு வருகிறார்கள். காசு கேட்டால் கோபிப்பார்களா?

சிலர் கோபிப்பார்கள். நானாக விரும்பித் தைத்துக் கொடுப்பதற்குக் காசு வாங்கமாட்டேன். துணியோடு வருபவரிடம், வந்த அன்றே, துணியைக் கையில் வாங்குமுன், கூலியையும் திகதியையும் சொல்லிவிடுவேன். தைத்து முடித்த பிறகு சொன்னால்தான் மனக்கசப்பு. நூல், தெறி, உள்துணி அவர்களுடைய செலவு. நெருங்கியவர்கள் காசுக்குப் பதில் மீனோ நெல்லோ தருவார்கள், அதையும் மறுப்பதில்லை.

அம்மம்மா போய் இரண்டு வருடம். அவருடைய சேலைகளை வெட்டிப் பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது தைக்கலாமா? கத்தரிக்கோல் வைக்க மனம் வரவில்லை.

மனம் வராதவரை வைக்காதீர்கள். இரண்டு வருடம் பெரிய காலம் அல்ல. ஆனால் பெட்டிக்குள் பூச்சி உருண்டையோடு மடித்தபடியே வைத்தால் மடிப்பு மடிப்பாக இற்றுப்போகும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து நிழலில் விரித்து வேறு விதமாக மடியுங்கள்.

வெட்டுவதென்று முடிவானால், சேலையை யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடுப்பில் செருகிய இடமும் குதிக்கால் தட்டிய கரையும் மெலிந்து வெளிச்சம் விடும். அந்த இடங்களைத் தவிர்த்து, பலமான பகுதியின் பின்னால் மெல்லிய பருத்தி வைத்து, இரண்டையும் ஒன்றாகத் தையுங்கள். பருத்திச் சேலை என்றால் போர்வை, பட்டு என்றால் சின்னப் பிள்ளைக்குப் பாவாடை. முந்தானையை வெட்ட வேண்டாம். என் அம்மம்மாவின் நீலச் சேலையில் எட்டுப் பிள்ளைகளுக்கு எட்டுச் சின்னத் தலையணை உறைகள் வந்தன. முந்தானையின் ஒரு மூலையில் அவர் சில்லறை முடிந்து முடிந்து விழுந்த சுருக்கம் இன்னும் நிமிரவில்லை. அதில் நான் மின்னழுத்தி வைப்பதில்லை.